ஆமை நடை முதல் பவளத்தீவு வரை: சென்னை–மண்டபம் எட்டு நாள் கடல் தன்னார்வப் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

கடலைப் பார்க்கவும் வேண்டும், கடலுக்கு ஏதாவது செய்யவும் வேண்டும் என்று நினைப்பவர்கள் வெளிநாட்டுக்குப் பணம் கட்டிப் போகத் தேவையில்லை. சென்னைக் கரையில் ஆமை முட்டையிடுகிறது. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை இருக்கிறது. பாக் நீரிணையில் ஆவுளியா என்னும் கடல்பசு மேய்கிறது. மூன்று இடத்திலும் ஆள் தேவைப்படும் வேலை உண்டு. ஆனால் அந்த வேலைக்கு ஒரு பருவம், ஒரு நேரம், ஒரு முறை இருக்கிறது. அதை ஒட்டிப் பயணத்தை அமைத்தால் எட்டு நாளும் பயன்படும். ஊர் சுற்றும் திட்டத்தின் நடுவே வேலையைச் செருகினால் இரண்டுமே அரைகுறையாகப் போய்விடும்.

எப்போது கிளம்புவது

பிப்ரவரி கடைசி வாரம் கிளம்பி மார்ச் முதல் வாரம் திரும்புவது நல்லது. செய்தித்தாள்கள் ஆலிவ் ரிட்லி என்று எழுதும் பங்குனி ஆமை, சென்னைக் கரைக்கு ஜனவரியில் வரத் தொடங்கும். பிப்ரவரியிலும் மார்ச்சிலும்தான் கூடு அதிகம். ஜனவரி நடுவில் இட்ட முட்டைகள் பொரிப்பது மார்ச் முதல் வாரத்தில். அதனால் இந்தப் பத்துப் பதினைந்து நாளுக்குள் போனால் முட்டையிடுவதையும் குஞ்சு கடலுக்குப் போவதையும் ஒரே பயணத்தில் பார்க்க வாய்ப்பு இருக்கிறது.

தெற்கே காற்றுதான் கணக்கு. ராமேஸ்வரம் தீவுக்கு இரு பக்கமும் கடல். பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் ஊரில் சொல்வார்கள். வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெண்கடல் கலங்கிக் கிடக்கும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஆண்கடல் பொங்கும். பிப்ரவரி, மார்ச்சில் இரண்டும் ஓரளவு அடங்கியிருக்கும், தண்ணீரும் தெளிந்திருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த மாதங்களில் கடல் நீர் சூடேறிப் பவளம் வெளுப்பதும் உண்டு. 2010, 2016, 2024 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் அது பெரிய அளவில் நடந்தது. வெளுத்த பவளம் ஏற்கெனவே உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அதன்மேல் மனிதர்கள் நீந்திக் கலக்காமல் இருப்பதே நாம் செய்யும் உதவி.

இரண்டு ஊரில் மட்டும் தங்குங்கள். சென்னையில் மூன்று இரவு, மண்டபத்திலோ பாம்பனிலோ மூன்று இரவு, இடையில் ஒரு இரவு ரயிலில். வழியில்தானே இருக்கிறது என்று பிச்சாவரத்தையும் கோடியக்கரையையும் சேர்க்க ஆசை வரும். சேர்த்தால் பாதி நாள் பேருந்திலேயே கழியும். கோடியக்கரையின் பூநாரைக் கூட்டத்துக்கு நவம்பர், டிசம்பரில் தனியாக ஒரு பயணம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்கு அதுதான் நியாயம்.

யாரோடு வேலை செய்வது

கடல் ஆமை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஆமையைப் பிடிப்பதும் முட்டையை எடுப்பதும் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் வனத்துறை அனுமதி பெற்ற குழுவோடு இல்லாவிட்டால் குற்றம் குற்றம்தான். அதனால் குழுவைத் தேர்ந்தெடுப்பதில் நேரம் செலவிடுங்கள்.

சென்னையில் 1970களின் தொடக்கத்திலேயே ஆமை நடை ஆரம்பித்துவிட்டது. கடல் ஆமை ஆய்வாளர் சதீஷ் பாஸ்கர் போன்றவர்கள் இரவிரவாகக் கரையோரம் நடந்து கூடுகளைத் தேடிய காலம் அது. 1988இல் மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு இன்றும் அந்த நடையை நடத்துகிறது. ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் எஸ்.எஸ்.டி.சி.என். என்பார்கள். பருவத்தில் வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் அழைத்துப் போகிறார்கள். நீலாங்கரையில் 2002 முதல் இயங்கும் ட்ரீ பவுண்டேஷன், மீனவ இளைஞர்களையே ஆமைக் காவலர்களாகப் பயிற்றி வைத்திருக்கிறது. பாக் நீரிணைப் பக்கம் தஞ்சை மாவட்டம் வெளிவயலில் உள்ள ஓம்கார் அமைப்பு, கடற்புல், அலையாத்தி, ஆவுளியா சார்ந்த வேலைகளைச் செய்கிறது. பொதுமக்களுக்கான ஒரு இரவு நடைக்குக் கொஞ்சம் முன்கூட்டிக் கேட்டால் போதும். பல நாள் தன்னார்வ வேலைக்கு இரண்டு மாதம் முன்பே எழுதுங்கள். நீச்சல் தெரியுமா, இரவு முழுக்க நடக்க முடியுமா, எத்தனை நாள் இருப்பீர்கள் என்பதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

புதிதாகக் கேள்விப்படும் எந்த அமைப்பிடமும் மூன்றே கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். வனத்துறை அனுமதி இந்தப் பருவத்துக்குப் புதுப்பித்திருக்கிறதா? எடுக்கும் கணக்கு யாருக்குப் போகிறது? ஆமைக் குஞ்சைக் கையில் வைத்துப் படம் எடுக்க விடுவீர்களா? மூன்றாவது கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் அங்கே போகாதீர்கள். குஞ்சுகளைத் தொட்டியில் பகல் முழுக்க வைத்திருந்து, பணம் கட்டியவர்கள் வந்தபின் விடுகிற இடங்களும் அப்படியே. பொரித்து வெளிவந்த குஞ்சுக்கு முதல் சில மணி நேரம்தான் ஓயாமல் நீந்தும் வேகம் இருக்கும். அதைத் தொட்டிச் சுவரில் முட்டியே செலவழித்துவிட்டால், கடலில் விட்டபின் கரையோர மீன்களைத் தாண்டிப் போகத் தெம்பு இருக்காது.

பையில் என்ன வேண்டும்

இரவு நடைக்குக் கருப்பு அல்லது கருநீல முழுக்கைச் சட்டை. வெள்ளை வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர், பொட்டுக்கடலை உருண்டை மாதிரி ஏதாவது. டார்ச் வேண்டாம், போனையும் பைக்குள் போட்டுவிடுங்கள். தண்ணீரில் இறங்கும் நாளுக்கு உடம்போடு ஒட்டிய முழுக்கை நீச்சல் சட்டை, நீளக் கால்சட்டை. இவை இருந்தால் சன்ஸ்கிரீன் முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் போதும். அதுவும் துத்தநாக ஆக்சைடு சேர்ந்ததாக இருக்கட்டும். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்று டப்பாவில் எழுதியிருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அவை பவளத்துக்குக் கெடுதல்.

பவளமோ கிளிஞ்சலோ கீறினால் புண் எளிதில் ஆறாது. டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுக்கொண்டு வாருங்கள். உப்புச் சர்க்கரைப் பொட்டலம், கிருமிநாசினி, ஒரு சிறு இடுக்கி அவசியம். படகில் வாந்தி வருபவர்கள் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மாத்திரை போடுங்கள். அந்த மாத்திரை தூக்கக் கலக்கம் தரும் என்பதால் அன்று நீந்த வேண்டாம்.

சென்னை: ஆமை நடை இரவுகள்

நடை நீலாங்கரையில் நள்ளிரவை ஒட்டித் தொடங்கிப் பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாகப் பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். முடிய அதிகாலை ஆகிவிடும். அன்று பகலில் மூன்று மணி நேரமாவது தூங்குங்கள். இரவு எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். ஈர மணலில் வெறுங்காலோடு நடப்பதே எளிது. கண்ணாடித் துண்டுக்குப் பயப்படுபவர்கள் வாருள்ள செருப்பு போடலாம். ஷூவில் மணல் புகுந்தால் மூன்றாவது கிலோமீட்டரில் கொப்புளம்.

நடப்பது அலை நனைத்துத் திரும்பும் கோட்டுக்குச் சற்று மேலே. கண் தேடுவது ஆமையை அல்ல, தடத்தை. சிறிய டிராக்டர் ஏறிப் போன மாதிரி, கடலிலிருந்து மேலே போய்த் திரும்பிவரும் அகலமான தடம். பங்குனி ஆமை ஒரு துடுப்பு மாற்றி ஒரு துடுப்பாக நடப்பதால் இரண்டு பக்கக் கீறலும் நேர்க்கு நேர் இருக்காது, முன்பின்னாக இருக்கும். தடம் கண்டதும் நின்றுவிடுங்கள். தடத்தை மிதித்துவிட்டால் மேலே போனது எது, கீழே வந்தது எது என்று பிரிக்க முடியாது. ஒரே தடம்தான் இருக்கிறது, திரும்பிய தடம் இல்லை என்றால் ஆமை இன்னும் மேலே இருக்கிறது.

அந்த நேரத்தில் எல்லோரும் உட்கார வேண்டும். குழி தோண்டி முடிக்கும் வரை ஆமை மிகவும் கூச்சப்படும். ஒரு வெளிச்சம், ஒரு நிழல் அசைந்தாலும் முட்டையிடாமல் கடலுக்குத் திரும்பிவிடும். முட்டை விழத் தொடங்கிய பிறகு குழுத் தலைவர் கைகாட்டுவார். அப்போது பின்பக்கமாக, ஒவ்வொருவராக, தாழ்ந்து போய்ப் பார்க்கலாம். அதற்கு முன்பு குழி தோண்டியது பின்துடுப்பு இரண்டும்தான், மாறி மாறிக் கரண்டி போல மணலை அள்ளி வெளியே வைத்து. துடுப்பு எட்டுகிற ஆழம்தான் கூட்டின் ஆழம், சுமார் ஒன்றரை அடி. முட்டையிட்டு மூடியபின் உடம்பைத் தூக்கித் தூக்கி வயிற்றோட்டால் மணலைத் திமிசு போடும். தட், தட் என்று அந்தச் சத்தம் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும். நாற்பது கிலோ எடையுள்ள ஒரு உயிர் தன் உடம்பையே இடித்துக் கூட்டை மறைக்கிறது. அதன் கண்ணில் வழிவது அழுகை இல்லை, உப்பை வெளியேற்றும் சுரப்பியின் நீர்.

சென்னையில் முட்டைகளை அங்கேயே விட முடியாது. நாய் தோண்டிவிடும். தப்பிப் பொரித்தாலும் குஞ்சுகள் தெருவிளக்கை நோக்கிப் போகும். இருட்டுக் கரையில் கடல்தான் வெளிச்சமான பக்கம், குஞ்சின் மூளை அதை நம்பித்தான் நடக்கிறது. நகரத்தில் அந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. அதனால் கூட்டை எடுத்துப் பொரிப்பகத்துக்கு மாற்றுகிறார்கள்.

மாற்றும்போது செய்யும் வேலை இது. பயிற்சி பெற்றவர் குச்சியால் மெல்லக் குத்திப் பார்ப்பார். இறுகிய மணலில் குச்சி நிற்கும், கூட்டின் மேல் சடக்கென்று இறங்கும். பிறகு கையால் மட்டுமே தோண்டுவார். முட்டை பிங்பாங் பந்து அளவு, ஓடு தோல் மாதிரி நெகிழும். நூறு, நூற்றிருபது இருக்கும். ஒவ்வொன்றாக எண்ணிக் கூட்டு மணலோடு துணிப்பையில் வைப்பார்கள். உங்களிடம் வரும் வேலை பெரும்பாலும் எண்ணுவதும் எழுதுவதும்தான்: தேதி, கண்ட நேரம், இடம், முட்டை எண்ணிக்கை, மேல்மணலிலிருந்து கூட்டின் அடிவரை ஆழம், அடியின் அகலம். அளவை யூகித்து எழுதாதீர்கள். பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே பானை வடிவில், கழுத்து குறுகி அடி விரிந்து தோண்ட வேண்டும் என்பதால்தான் அந்த அளவு.

பையைச் சுமக்கும் முறை வந்தால் நெஞ்சோடு அணைத்துப் பிடியுங்கள், ஆட்டாதீர்கள். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு பிய்ந்து இறந்துவிடும். அதனால்தான் நடையில் தாமதம் கூடாது, படம் எடுக்க நிற்கக் கூடாது என்று தலைவர்கள் கண்டிப்பாக இருக்கிறார்கள்.

செத்த ஆமையையும் பார்ப்பீர்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கும் மேல் ஒதுங்கின. ஆமை மூச்சு விட மேலே வர வேண்டிய விலங்கு. இழுவை வலைக்குள் அகப்பட்டு நெடுநேரம் இழுபட்டால் மூழ்கிச் சாகும். வலையிலிருந்து ஆமை தப்ப வழிவிடும் கருவியைப் பொருத்துவதும், இழுவைப் படகுகள் கரையோரத்துக்கு வராமல் இருப்பதும்தான் தீர்வு. அதற்கு வாதாட எண்ணிக்கை வேண்டும். ஓட்டின் நீளம், அகலம், ஆணா பெண்ணா, காயம், இடம் எல்லாம் பதிவாக வேண்டும். வால் ஓட்டைத் தாண்டி நீண்டிருந்தால் ஆண். அளந்தபின் ஏற்கெனவே எண்ணியது என்று தெரிய அடையாளம் இடுவார்கள். நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு டேப்பின் மறுமுனையைப் பிடிக்கும் ஆள் அந்த நேரத்தில் மிகப்பெரிய உதவி.

பொரிப்பகமும் குஞ்சு விடுதலும்

இட்ட நாளிலிருந்து 45 முதல் 55 நாளுக்குள் பொரிக்கும். மணல் சூடாக இருந்தால் பெண் அதிகம், குளிர்ந்திருந்தால் ஆண் அதிகம். வெயில் ஏற ஏறக் கூட்டின் மேல் நிழல்வலை கட்டுவது அதனால்தான். நாற்பதாவது நாளைத் தாண்டிய கூடுகளின்மேல் கூடை கவிழ்த்திருப்பார்கள். உங்கள் முறையில் அந்தக் கூடைகளை மாலையிலிருந்து விடியும் வரை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டு வெயில் ஏறிவிட்டால் குஞ்சு வறண்டு சாகும், எறும்பும் மொய்த்துவிடும்.

விடுவது மாலை மங்கியபின் அல்லது இரவில். கூடையை அலை தொடும் இடத்துக்குக் கொண்டுபோகாமல், பத்துப் பதினைந்து அடியாவது மேலே மணலில் விடுவார்கள். குஞ்சு தானே நடந்து போக வேண்டும். நீங்கள் அதற்குப் பின்னால் நில்லுங்கள், முன்னால் போகாதீர்கள். நாலு சென்டிமீட்டர் குஞ்சுக்கு உங்கள் காலடிக் குழி ஒரு கிணறு. விடும் பாதையை முன்கூட்டியே கையால் சமன்படுத்தி வையுங்கள். குஞ்சுகளை எண்ணும்போது இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒத்துப் பாருங்கள்.

பொரித்து முடிந்த கூட்டை சில நாள் கழித்துத் தோண்டிப் பார்ப்பார்கள். தன்னார்வலர்கள் நழுவப் பார்க்கும் வேலை இதுதான். கையுறை போட்டுக்கொண்டு, காலி ஓடு, வளராத முட்டை, பாதி வளர்ந்து செத்தது, முழுதாய் வளர்ந்தும் வெளிவராதது என்று நான்கு குவியலாகப் பிரிக்க வேண்டும். ஓட்டுத் துண்டில் பாதிக்கு மேல் இருந்தால் மட்டும் ஒன்றாக எண்ணுங்கள். எல்லாத் துண்டையும் எண்ணினால் இட்ட முட்டையை விடப் பொரித்தது அதிகமாகிவிடும். பாதி வளர்ந்து செத்தவை நிறைய இருந்தால் கூடு சூடேறியிருக்கலாம், அல்லது சுமந்தபோது ஆட்டியிருக்கலாம். அடுத்த ஆண்டு முறையை மாற்றுவது இந்தக் குவியல்களைப் பார்த்துத்தான்.

பகலில் நேரம் இருந்தால் கரைக் குப்பை எடுங்கள், ஆனால் கணக்கோடு. நூறு மீட்டர் நீளம் அளந்து, அலைக்கோட்டிலிருந்து செடி தொடங்கும் இடம் வரை மட்டும் பொறுக்கி, நைலான் வலை, பாட்டில், உறை, தெர்மாகோல் என்று பிரித்துத் தூக்குத் தராசில் எடை போடுங்கள். அடும்புக் கொடியையும் ராவணன் மீசைப் புல்லையும் குப்பை என்று பிடுங்கிவிடாதீர்கள். நெய்தல் நிலத்தின் மணலைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான்.

தெற்கே போவது

நான்காம் நாள் இரவு ரயில். எழும்பூரிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் ராமேஸ்வரம் வண்டிகள் உண்டு. நிலையம் மாறிக்கொண்டிருப்பதால் டிக்கெட்டில் எது என்று ஒருமுறை பாருங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தை வண்டி விடியலில் கடக்கும். மண்டபத்தில் தங்குபவர்கள் பாலத்துக்கு முன்பே இறங்க வேண்டும்.

மன்னார் வளைகுடாவில்

1986இல் அறிவித்த கடல் தேசியப் பூங்கா 560 சதுர கிலோமீட்டர். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். அவற்றில் சில ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. பவளத்தை வெட்டி எடுத்த காலத்தில் தீவின் அலைதாங்கி போய்விட்டதால் கரை கரைந்தது. வனத்துறை வழியாக அல்லாமல் தீவுகளில் இறங்க அனுமதி இல்லை. காசு கொடுத்தால் இறக்கிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பொதுமக்களுக்கு முறையான வழி, பாம்பன் குந்துகால் பக்கமிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை நடத்தும் படகுப் பயணம். விவேகானந்தர் 1897இல் வந்திறங்கிய குந்துகால்தான் அது. நேரமும் கட்டணமும் மாறும், முந்தின நாள் கேட்டு உறுதி செய்யுங்கள். முதல் படகிலேயே போங்கள். காற்று எழும்பியபின் மணல் கலங்கி, தண்ணீருக்குக் கீழே பச்சை மங்கல்தான் தெரியும்.

முகமூடி போட்டு மூச்சுக்குழலோடு நீந்தப் பூங்காவுக்கு வெளியே, பாக் நீரிணைப் பக்கம் பிரப்பன்வலசை போன்ற ஆழம் குறைந்த இடங்களில் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். முகமூடி சரியா என்று பார்க்க, வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் உள்ளிழுங்கள். கையை எடுத்தும் ஒட்டிக்கொண்டு நின்றால் சரி. மீசை வைத்தவர்களுக்கு மேலுதட்டு வழியாகத் தண்ணீர் கசியும். மீசையின் மேல்விளிம்பை விரற்கடை அகலம் மழித்துவிட்டால் நிற்கும். கண்ணாடியின் உட்பக்கம் எச்சில் தடவி லேசாக அலசினால் பனி பிடிக்காது.

தண்ணீரில் படுத்தபடியே மிதக்க வேண்டும். நிற்க நினைத்தால் கால் பவளத்தின் மேல்தான் விழும். ஒரு ஆண்டு முழுக்கச் சில சென்டிமீட்டர் மட்டுமே வளரும் கொம்புப் பவளம் ஒரு மிதியில் நொறுங்கும். துடுப்பால் மணலைக் கிளறினால் அது பவளத்தின் மேல் படிந்து மூச்சடைக்கும். நம்பிக்கை இல்லாதவர்கள் மிதவைச் சட்டையைக் கழற்றவே வேண்டாம். ஓட்டத்துக்கு எதிராகத் தொடங்கி ஓட்டத்தோடு திரும்புங்கள், களைத்தபின் எதிர்த்து நீந்தும் நிலை வராது. கிளிமீன் பவளத்தைக் கடிக்கும் கரகர சத்தம் தண்ணீருக்குள் நன்றாகக் கேட்கும். அசையாமல் கிடந்தால் அது உங்களை நோக்கியே வரும்.

அறுந்து போய்ப் பவளத்தில் சுற்றிக்கொண்ட வலைகளை எடுக்கும் வேலை, சான்றிதழ் பெற்று அதற்கெனப் பயிற்சியும் எடுத்த முக்குளிப்பவர்களுக்கு மட்டும். வலையைப் பிடித்து இழுத்தால் பவளமும் சேர்ந்து பெயர்ந்து வரும், இழுப்பவரும் சிக்கிக்கொள்வார். அவர்கள் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி, பவளம் வலையோடு சேர்ந்து வளர்ந்திருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு மேலே அனுப்புவார்கள். கரையில் நிற்கும் உங்களுக்கு வேலை நிறைய: சிக்கிய நண்டு, சங்கு, குஞ்சு மீனை உடனே விடுவித்துக் கடலில் போடுவது, கண்ணி அளவை அளப்பது, உலர்த்தி எடை போடுவது.

ஆவுளியாவைப் பார்ப்போம் என்ற எதிர்பார்ப்போடு போகாதீர்கள். கடல்பசு என்று நாம் சொல்லும் அந்த விலங்குக்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அது வாழ்வது கடற்புல்லை நம்பி. மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிறு கட்டி, அதில் கடற்புல் தண்டுகளைப் பொருத்திக் கடலடியில் நடும் வேலை பாக் நீரிணையில் நடந்திருக்கிறது. கரையில் உட்கார்ந்து சட்டம் கட்டுவதில் தன்னார்வலர் கை உதவும். தண்டை நிழலில், கடல்நீர் தெளித்து வைக்க வேண்டும். கட்டி முடிப்பதற்குள் காய்ந்துவிட்டால் நட்டும் பயனில்லை.

ஒரு நாளைக் காரங்காட்டுக்கு வையுங்கள். ராமநாதபுரத்திலிருந்து தொண்டி சாலையில் உள்ள அந்த ஊரில் வனத்துறையோடு சேர்ந்து ஊர்மக்களே அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள், துடுப்புப் படகும் உண்டு. கட்டும் பணம் ஊருக்குள் நிற்கிறது. தனுஷ்கோடிக்கு மாலைக்குள் திரும்புகிற மாதிரி போங்கள். அரிச்சல்முனையில் இறங்கிக் குளிக்காதீர்கள், இரண்டு கடலின் ஓட்டமும் அங்கே மோதுகிறது.

ஊர்க்காரர்களோடு

வள்ளத்தில் ஏறும் முன் செருப்பைக் கழற்றுங்கள். காயும் வலையைத் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். அண்ணே, அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டால் எந்தக் கடல் கருவியும் சொல்லாததைச் சொல்வார்கள். சென்னை மீனவர்கள் வடக்கிலிருந்து வரும் ஓட்டத்தை வண்ணி என்றும் தெற்கிலிருந்து வருவதைத் தெண்டி என்றும் சொல்வார்கள். இன்றைக்கு எது என்று கேட்டுவிட்டுத் தண்ணீரில் காலை வையுங்கள்.

பாம்பன் சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பார்ப்பீர்கள். துணியைச் சுற்றிய விரல்களோடு, தகரத் தட்டைக் காலில் துடுப்பாகக் கட்டிக்கொண்டு முங்குபவர்கள். பாசி வளர இடம் கொடுக்க மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று அவர்களாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களை ஒருங்கிணைத்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசு கிடைத்தது. கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கடலைக் காப்பது எப்படி என்று அவர்களுக்குப் பாடம் நடத்தவும் வேண்டாம்.

கடைத்தெருவில் பவளத் துண்டு, கடல்குதிரை, உலர்ந்த கடல் அட்டை எதையும் வாங்காதீர்கள், மூன்றுமே சட்டப்படி தடை. சங்குகளிலும் சில தடைப்பட்டியலில் உண்டு. பிரித்துச் சொல்லத் தெரியாதவர்கள் எதையும் வாங்காமல் வருவதே சரி.

எது தவறும், என்ன செய்வது

சொறி என்னும் ஜெல்லிமீன் பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், தேய்க்காதீர்கள். மீதிக் கொடுக்குகள் வெடித்து விஷம் பரவும். கடல்நீரால் அலசி, ஒட்டிய இழையை இடுக்கியால் எடுத்து, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் இருபது நிமிடமாவது வையுங்கள். திருக்கை முள் குத்தினாலும் வெந்நீர்தான், அரை மணிக்கு மேல். சூட்டை இன்னொருவர் கை வைத்துப் பாருங்கள், வலியில் இருப்பவருக்கு வெந்துபோவது தெரியாது. முள் ஆழமாக இருந்தால் பிடுங்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். திருக்கை கிடக்கும் ஆழமில்லா மணலில் காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடந்தால் அது விலகிப் போய்விடும். மூச்சுத்திணறல், முகவீக்கம் வந்தால் உடனே 108.

காற்றே இல்லாமல் அலை எழும் கள்ளக்கடலை மறக்காதீர்கள். தெற்கே தொலைதூரப் பெருங்கடலில் எழுந்த அலை இங்கே வந்து ஏறுவது அது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை இழந்தோம். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. ஒவ்வொரு காலையும் அதைப் பாருங்கள். சிவப்பு, ஆரஞ்சு என்றால் அன்று கரை வேலை மட்டும். கரையிலிருந்து கடலுக்குள் போகும் ஓட்டம் இழுத்தால் எதிர்க்காமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியேறுங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் 1093.

ஓங்கில் என்னும் டால்பினோ திமிங்கிலமோ உயிரோடு ஒதுங்கியிருந்தால் வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது. மூச்சுத்துளையை விட்டுவிட்டு ஈரத்துணி போட்டு, நிழல் கட்டி, கூட்டத்தை விலக்கி வனத்துறைக்குச் சொல்லுங்கள். 2016 ஜனவரியில் மணப்பாடு கரையோரம் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது, மீனவர்கள் பாடுபட்டு இழுத்துக் கடலில் விட்டார்கள். அவற்றில் பல மறுபடி கரைக்கே திரும்பின. அவசரத்தில் தள்ளிவிடுவது எப்போதும் காப்பாற்றுவதாகாது.

ஊர் திரும்பும் முன்

கடைசி நாள் மாலையைக் கணக்கு முடிக்க வையுங்கள். ஈரமான நோட்டில் எழுதியதை அன்றே சுத்தமாகப் பெயர்த்தெழுதி, படம் எடுத்த இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையோடு குழுவிடம் கொடுங்கள். ஆமைக் கூடு இருக்கும் இடத்தின் படத்தை இடக்குறியோடு பொதுவெளியில் போடாதீர்கள், முட்டை திருடுபவர்களும் அதைப் பார்ப்பார்கள். நீங்கள் சுமந்துவந்த கூட்டின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 25இல் வைத்த கூடு என்றால் ஏப்ரல் 11க்கும் 21க்கும் இடையில் பொரிக்கும், அதற்குச் சில நாள் கழித்துத் தோண்டி எண்ணுவார்கள். அந்த வாரம் குழுவுக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள்: இட்டது எத்தனை, பொரித்தது எத்தனை.